பந்தியிலிருந்து நான் எழுப்பிய மனிதர்

எங்கள் லுத்தரன் சபையில் திருவிருந்தில் அப்பமும் திராட்சரசமும் வாங்குகிறவர்கள் முந்தின நாளே பெயர் கொடுக்க வேண்டும். செங்கல்பட்டில் பல வருடம் அந்தப் பட்டியலை எழுதியவன் நான்.

சுனாமி வந்து சில வாரங்களே ஆகியிருந்தன. முட்டுக்காட்டு மீனவர் ஒருவரைச் சபையார் ஒருவர் ஆராதனைக்கு அழைத்து வந்திருந்தார். கோயிலுக்குப் புதியவர். மற்றவர்களைப் பார்த்து அவரும் பீடத்தின்முன் பந்தியில் முழங்காலிட்டார். சற்று முன்புதான் எங்கள் போதகரான ஐயர் அங்கே ஒரு சிறுமியின் தலையில் கைவைத்து ஆசீர்வதித்திருந்தார்.

நான் குனிந்து, "பேர் கொடுக்காதவங்க பந்தியில சேரக்கூடாது. எழுந்திருங்க" என்றேன்.

"அப்பம்லாம் வாணாம் சார். எம் புள்ளைய கடல் எடுத்துகினு பூடுச்சு. அந்தப் பாப்பாவுக்கு வெச்ச மாரி ஐயரு தலைல கை வெச்சா போதும்."

"பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க."

அவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

பெயர் கொடுக்காதவர் முழங்காலிட்டால் ஐயர் தலையில் கைவைத்து ஆசீர்வதிப்பார். அது எனக்குத் தெரியும். வரிசை குலையக் கூடாதென்றுதான் எழுப்பினேன்.

மறுநாள் விலாசம் கேட்டு அவர் வீட்டுக்குப் போனேன். பூட்டியிருந்தது.

"கோயில்லேந்து வந்தான், வூட்ட சாத்திகினு பூட்டான். எங்கன்னு தெர்ல" என்றார் பக்கத்து வீட்டு அம்மா.

அவரை நான் மறுபடி பார்க்கவில்லை. இப்போது புதியவர் யார் வந்தாலும் வாசலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெயர் கொடுக்காவிட்டாலும் முழங்காலிடலாம், ஐயர் கைவைப்பார். இதைச் சொல்ல அரை நிமிடம்கூட ஆவதில்லை.