நுரை வராத குழாய்

பல் டாக்டர் ஒருவர் ஊரை விட்டுப் போனதால்தான் ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கின் வீட்டுக்கு அவருடைய கடல்மீன் தொட்டி வந்து சேர்ந்தது. ஆரஞ்சு மீன் ஒரு ஜோடி, கொஞ்சம் நத்தைகள், நீண்ட வெள்ளை மீசையோடு ஒரு சிவப்பு இறால்.

வீட்டிலேயே தையல் வேலை பார்க்கும் மனைவி முறைத்தாள். "இருக்கற இடத்துல மெஷினை வைக்கிறதா, கடலை வைக்கிறதா?" ஆனால் தண்ணீருக்குள் கையை விட்டால் இறால் ஏறி வந்து அவள் நகக்கண்ணைச் சுத்தம் செய்யும். அதில் மனசு இளகிவிட்டது. 'மீசை' என்று பெயர் வைத்து, ஊசியில் நூல் கோக்கும்போதெல்லாம் அதனோடு பேசத் தொடங்கினாள்.

தண்ணீர்தான் மஞ்சளடித்தது. அழுக்கை நுரையாக்கி வெளியே தள்ளும் கருவி ஒன்று வேண்டும் என்றார் மீன்கடைக்காரர். நிமிர்ந்த குழாய், அடியில் காற்று. பொடிக் குமிழிகள் அழுக்கைச் சுமந்து ஏறி மேலே உள்ள கிண்ணத்தில் வழிய வேண்டும்.

"இவ்வளவுதானா? நானே செய்றேன்" என்றார் மெக்கானிக்.

முதலில் செய்தது மூட்டுக்கு மூட்டு ஒழுகியது. அடுத்ததில் குமிழிகள் கோலிகுண்டு அளவில் வந்தன. நுரை மட்டும் வரவில்லை. மூன்றாவது பொங்கி வழிந்து, தைக்க வந்திருந்த பட்டுத்துணியை உப்புநீரில் நனைத்தது. மனைவி திட்டாமல் துணியை அலச எடுத்துப் போனாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு.

கருவியிலிருந்து தண்ணீர் தொட்டிக்குத் திரும்பும் பிளாஸ்டிக் குழாய் வேறு கழன்றுகொண்டே இருந்தது. ஆத்திரத்தில் அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, கைக்குப் பழகிய செம்புக் குழாயை எடுத்தார். வளைத்து, பற்றவைத்து, பொருத்தினார். "இனி அசையாது பாரு."

அசையவில்லைதான். ஆனால் நத்தைகள் கண்ணாடியிலிருந்து ஒவ்வொன்றாக விழுந்தன. ஒரு காலையில் மீசை மல்லாந்து கிடந்தது.

"என்னங்க, இங்க வாங்களேன்" என்று அழைத்தாள் மனைவி.

உப்பைக் குறை சொன்னார், விளக்கைக் குறை சொன்னார். கடைசியில் மீன்கடைக்காரருக்கு போன் போட்டார்.

"அண்ணே, உள்ள செம்பு ஏதாவது வச்சீங்களா?"

மெக்கானிக் திரும்பித் தொட்டியிலிருந்த செம்புக் குழாயைப் பார்த்தார்.

"மீன் கொஞ்சம் தாங்கும்ணே. இறாலுக்கும் நத்தைக்கும் அது விஷம்."

"யாருங்க, என்ன சொல்றாரு?" என்றாள் மனைவி.

"நான்தான் கொன்னுட்டேன். அந்தக் குழாய்தான்."

அவள் "மீனையாவது காப்பாத்துங்க" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் மாற்ற வாளியை எடுத்து வந்தாள்.

செம்பைக் கழற்றி, பழையபடி பிளாஸ்டிக்கைப் போட்டு, கழலாமலிருக்க வளையம் இறுக்கினார். சில நாள் கழித்து ஒருவழியாக நுரை வந்தது. கிண்ணத்தில் காப்பிக் கசடு நிறத்தில் அழுக்கு தேங்கியது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"இதை எடுக்கவா இத்தனை பாடு?"

"ஆமா."

"நாத்தம் குடலைப் பிடுங்குது. கொண்டுபோய்க் கொட்டுங்க."

"இன்னொரு இறால் வாங்கிட்டு வரட்டுமா?"

"வேணாம்" என்றாள் பட்டென்று.

கொட்டிவிட்டு வந்து பார்த்தால் நுரை மறுபடி அடங்கிக் கிடந்தது. மெக்கானிக் பல்லைக் கடித்துக்கொண்டு காற்றுத் திருகைத் திருப்பினார்.