துரோகிச் சீட்டின் வெள்ளை ஓரம்

வெள்ளிக்கிழமை காலை ஏழே முக்காலுக்கு மதுரை விமானம் துபாயில் இறங்கியது. நாலாம் வகுப்போடு நின்றவன் நான். சிவகாசியில் பசை வாளி தூக்கிய கை இது. இன்று இரண்டு ஆப்செட் மெஷின், நாற்பது ஆள், எட்டு மாநிலத்துக்குக் காலண்டர். யாரும் தூக்கிவிடவில்லை, நானாக ஏறினேன். நான் அச்சடித்த சீட்டு வெளிநாட்டுக் கண்காட்சியில் மேசையேறுகிறது என்றால் போய்ப் பார்க்காமல் இருப்பேனா?

சீட்டு தர்ஷினியுடையது. யாழ்ப்பாணத்துப் பெண், அபுதாபியில் கணக்கு வேலை. மூன்று வருடம் யோசித்து அவள் உருவாக்கிய விளையாட்டு: படகில் ஏழு பேர், அதில் ஒருவன் துரோகி. ஆளுக்கொரு சீட்டைக் கவிழ்த்து வைத்து, பேசியே ஆளைப் பிடிக்க வேண்டும். ஐந்நூறு பெட்டி அடித்துக் கொடுத்தேன். அவள் கம்பெனியில் ஆள் குறைக்கிறார்கள். தையோடு விசா முடிகிறது. சனிக்கிழமை நாலு மணிக்கு ஜெர்மனிப் பதிப்பாளர் ஒருவர் அவள் மேசைக்கு வருவதாக ஏற்பாடு. அவர் எடுத்தால் பிழைப்பு. இல்லாவிட்டால் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

நான் அறை எடுத்திருந்த தேரா பகுதிக்கு டாக்சி முப்பத்திரண்டு திர்ஹம். ஓட்டுநர் பெஷாவர்க்காரர்; எட்டு மாநில வியாபாரத்தில் ஒட்டிய இந்தியில் பேசினேன். விளையாட்டுக் கண்காட்சிக்கு வந்தேன் என்றதும் திரும்பிப் பார்த்தார்.

"இந்த வயசுலயா, சாச்சா?"

"நான் விளையாடுறவன் இல்ல பாய். விளையாட்டையே செய்றவன்."

"நம்ம விளையாட்டு பன்னிரண்டு மணி நேர டூட்டி. அவ்வளவுதான், கலாஸ்!" என்று சிரித்தார்.

சாயங்காலம் ஒரு திர்ஹம் கொடுத்து அப்ரா படகில் கடற்கழியைக் கடந்தேன். கரையில் மரக்கலங்கள், அவற்றின் மேல் டயரும் குளிர்சாதனப் பெட்டியும் மலையாக. இதையும் நம் காலண்டரில் போடலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

சனி, காலை பத்து. ஹோட்டலின் இரண்டாம் மாடிக் கூடம், நுழைவு ஐம்பது திர்ஹம். நரைத்த தலைகள்கூடக் குனிந்து பகடை உருட்டிக்கொண்டிருந்தன. கழுத்தில் மாட்டும் அட்டையில் என் பெயருக்குக் கீழே 'பிரிண்டர்' என்று தர்ஷினியை எழுதச் சொன்னேன். "எல்லாருக்கும் சொல்லு தாயி, அடிச்சது யாருன்னு." அவளும் வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள்.

பதினொன்றரைக்கு ஒரு பிலிப்பைன்ஸ் நர்ஸ் உட்கார்ந்தார். பேச்சே இல்லாமல் மூன்று ஆட்டத்திலும் துரோகியைக் காட்டினார். நாலாவதில் மனம் பொறுக்காமல் சீட்டின் முதுகைத் தொட்டுக் காட்டினார். துரோகிச் சீட்டுக்கு மட்டும் ஒரு பக்க வெள்ளை ஓரம் மெலிந்திருந்தது. வேறு பெட்டிகளைப் பிரித்தோம். எல்லாவற்றிலும் அதே சீட்டு, அதே ஓரம்.

எனக்குத் தெரியும். தாளின் கடைசி வரிசையில் இருந்த சீட்டு அது. கட்டிங் மெஷினில் நிற்கும் முனியசாமி அன்றைக்கே சொன்னான்: "மொதலாளி, வெட்டு அரை நூல் தள்ளி ஓடுது. நிறுத்திப் பாத்துருவோம்." "காலண்டர் சீசன்ல மெஷினை நிறுத்தவா? அரை நூல்தானடா, ஓட்டு" என்றேன். காலண்டரில் அரை நூலை எவன் பார்க்கிறான்?

இதைத் தர்ஷினியிடம் சொல்லவில்லை. அவள் ஓரத்தை மறைக்கப் பக்கத்துக் கடையில் முதுகு கறுப்பான பிளாஸ்டிக் உறை இருபது திர்ஹத்துக்கு வாங்கி, ஒரு கட்டுக்கு மட்டும் போட்டாள்.

நாலு மணிக்கு அவர் வந்தார். விளையாடினார், வாய்விட்டுச் சிரித்தார், இன்னொரு ஆட்டம் கேட்டார். தர்ஷினி முகத்தில் ரத்தம் ஊறியது. பிறகு அவர் கை நீட்டிப் புதுப் பெட்டி ஒன்றை எடுத்துப் பிரித்தார். முதுகுப் பக்கம் தெரிய விசிறி போல விரித்தார். ஒன்றை உருவிப் புரட்டினார். துரோகி.

"பிரிண்டர் யார்?" என்றார் இங்கிலீஷில். அந்த அளவுக்கு எனக்குப் புரியும்.

தர்ஷினி என்னைப் பார்த்தாள். என் கை கழுத்து அட்டையைத் திருப்பி வைத்தது. நான் வைக்கவில்லை, கை வைத்தது என்று சொல்லத் தோன்றுகிறது. நான்தான் வைத்தேன்.

"மை மிஸ்டேக்" என்றாள் அவள். அவர் சீட்டுகளை அடுக்கிப் பெட்டியில் போட்டு, நல்ல மரியாதையாகக் கைகொடுத்துவிட்டு அடுத்த மேசைக்குப் போனார்.

மேசையை ஒழிக்கும்போது கேட்டேன். "ஏந்தாயி உன் மேல போட்டுக்கிட்ட?"

"உங்கட வயசுக்கு அந்தாளுக்கு முன்னால குறுகி நிக்கக் கூடாது எண்டு நினைச்சன், ஐயா." டேப்பைப் பல்லால் கடித்து அறுத்தாள். "ஆனா நீங்கள் சொல்லுவீங்கள் எண்டு கொஞ்ச நேரம் பாத்தனான்."

"எல்லாத்தையும் திரும்ப அடிச்சுத் தாரேன்."

"ஓம் ஐயா. ஆருக்கு?"

ஞாயிறு மதியம் விமானம் ஏறினேன். சிவகாசியில் காலண்டரின் முதுகு சுவரைப் பார்த்துத் தொங்கும்; எவனும் திருப்பிப் பார்ப்பதில்லை. அந்த ஊரிலோ முதுகைத்தான் முதலில் பார்க்கிறார்கள்.

திங்கட்கிழமை முனியசாமி கேட்டான். "நம்ம சீட்டைப் பாத்து என்ன சொன்னாங்க மொதலாளி?"

"அடிச்சது யாருன்னு கேட்டாங்க."

"பேரைச் சொன்னீகளா?"

மெஷினைப் போடச் சொன்னேன்.