சர்க்கரை இல்லாத மிட்டாய்

பதினைந்து வருஷத்துக்கு மேலேயே இருக்கும். பட்டுக்கோட்டையிலிருந்து அதிராம்பட்டினம் போகிற சாலையை ஒட்டி, தென்னந்தோப்புக்குள் எங்கள் வீடு. என் கணவர் துபாயில் ஏசி மெக்கானிக்காக இருந்தார். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை லீவில் வருவார். மற்ற நாளெல்லாம் வீட்டில் நானும் மாமனாரும் ஜூலியும்தான்.

ஜூலி சாதாரண நாட்டு நாய். ஒரு காது நிமிர்ந்து நிற்கும், இன்னொன்று மடங்கிக் கிடக்கும். தேங்காய் ஏற்ற வந்த லாரிக்குப் பின்னால் குட்டியாக ஓடி வந்தது. லாரி போய்விட்டது, அது போகவில்லை. மாமியார் இல்லாத வீட்டில் மாமாவுக்கு அதுதான் பேச்சுத்துணை. அவர் எதைச் சாப்பிட்டாலும் அதில் ஒரு விள்ளல் ஜூலிக்குப் போய்விடும்.

மாமாவுக்குச் சர்க்கரை வியாதி. தினமும் காலையில் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்வார். போட்ட பிறகு சாப்பிடத் தாமதமானால் உடம்பில் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். வேர்த்துக் கொட்டும், கை நடுங்கும், கால் பின்னும், கண் திறந்திருந்தாலும் எதையும் பார்க்காது. முதல் தடவை நான் பயந்தே போனேன். எங்கள் ஊர் நர்ஸம்மாதான் சொல்லிக் கொடுத்தார்கள். நினைவு இருந்தால் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கலாம். நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். ஈறில் கொஞ்சம் தேனைத் தடவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அதன் பிறகு பல தடவை நானே சமாளித்திருக்கிறேன். கணவரிடம் சொன்னதில்லை. அவ்வளவு தூரத்தில் இருக்கிறவர், தூங்காமல் தவிப்பாரே என்றுதான்.

அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் இருக்கும்போது அவர் வந்தார். பெட்டியைத் திறந்து சோப்பு, சென்ட், பிஸ்தா எல்லாம் எடுத்து வைத்துவிட்டு, ஒரு தகர டப்பாவை மாமா கையில் கொடுத்தார்.

“அப்பா, இதுல சீனியே கிடையாது. சர்க்கரைக்காரங்களுக்குன்னே செய்யிறது. பயப்படாம சாப்பிடுங்க.”

ஆரஞ்சு மிட்டாய். மாமா ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினார். எத்தனை வருஷம் கழித்து அவர் நாக்கில் இனிப்பு பட்டது என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் காலை. கணவர் பம்புசெட்டில் குளித்துவிட்டு வந்தார். நான் சட்னிக்கு அரைத்துக்கொண்டிருந்தேன். மாமா ஊசி போட்டுக்கொண்டு வாசலில் நாற்காலியில் இட்லிக்காகக் காத்திருந்தார். ஜூலி சமையலறைக் கதவுக்கு வந்ததைப் பார்த்தேன். பின்னங்கால் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ள, குடித்தவர்கள் மாதிரி நடந்து வந்தது. படியில் வாந்தி எடுத்தது. அப்படியே சாய்ந்து படுத்து நடுங்க ஆரம்பித்தது.

என் சத்தம் கேட்டு அடுத்த வீட்டு அக்கா ஓடி வந்தார்கள். “வயல்ல எலிமருந்து வச்சிருக்காங்க. அதைத்தான் தின்னுருக்கும். உப்பைக் கரைச்சு வாயில ஊத்துங்க, கக்கிரும்” என்றார்கள். என் கணவர் சொம்பில் உப்பைக் கரைத்துக்கொண்டு வந்துவிட்டார். நான் ஜூலியின் தலையை மடியில் தூக்கி வைத்தேன். கண் திறந்திருந்தது. ஆனால் என்னைப் பார்க்கவில்லை.

அந்தப் பார்வையை எனக்குத் தெரியும்.

“ஊத்தாதீங்க. இதுக்குச் சுகர் இறங்கியிருக்கு.”

“நாய்க்கு ஏது சுகர்? என்ன பேசுற நீ?”

“எனக்குச் சொல்லத் தெரியலைங்க. மாமாவுக்கு வந்தா இப்படியேதான் இருக்கும்.”

மாமா எழுந்து வந்து நின்றார். முகம் வெளுத்துப் போயிருந்தது. “நான் அந்த மிட்டாயைக் குடுத்தேம்மா. ஒரு கைப்பிடி இருக்கும். ஆசையாத் தின்னுச்சு” என்றார்.

சர்க்கரையே இல்லாத மிட்டாயைத் தின்றால் சர்க்கரை எப்படி இறங்கும்? எனக்கும் விளங்கவில்லை. அக்கா சொன்னது மாதிரி எலிமருந்தாக இருந்து, நான் தேனைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போதே ஜூலியின் உயிர் போய்விட்டால்? இருந்தாலும் தேன் பாட்டிலை எடுத்து, விரலில் தொட்டு, ஜூலியின் ஈறில் தேய்த்தேன். கொஞ்ச நேரத்தில் நாக்கு லேசாக அசைந்தது. தலையைத் தூக்கப் பார்த்தது, முடியவில்லை. அது போதும் எனக்கு. போர்வையில் சுற்றி அதைக் கணவர் கையில் கொடுத்தேன். கிளம்பும்போது மாமா அந்த மிட்டாய் டப்பாவை என்னிடம் நீட்டினார். “டாக்டர்கிட்ட காட்டும்மா” என்றார்.

ரோட்டில் ஒரு ஆட்டோ கூட இல்லை. வந்த பஸ்ஸும் நாயைப் பார்த்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. பின்னாலேயே அதிராம்பட்டினத்திலிருந்து மீன் ஏற்றி வந்த வேன் ஒன்று எங்களைத் தாண்டிப் போய், ரிவர்ஸில் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் தொப்பி போட்ட பாய், நடுத்தர வயது இருக்கும்.

“புள்ளைக்கு என்னங்க?” என்று கேட்டார்.

போர்வையை விலக்கிக் காட்டினேன். குழந்தை என்று நினைத்து நிறுத்தியவர், நாய் என்றதும் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் பக்கத்து சீட்டில் கிடந்த தராசையும் கூடையையும் எடுத்துப் பின்னால் போட்டார்.

“ஏறுங்க. மாட்டாஸ்பத்திரிதானே? எனக்கு இடம் தெரியும்.”

வழியெல்லாம் நான் தேன் தடவிக்கொண்டே போனேன். அவருக்கு மார்க்கெட்டிலிருந்து போன் மேல் போன். “வந்துக்கிட்டுத்தான் இருக்கேன். ஐஸ் இருக்கு, மீனு ஒண்ணும் ஆகாது” என்று சொல்லிவிட்டு, மார்க்கெட் திருப்பத்தைத் தாண்டி நேராக ஓட்டினார்.

ஆஸ்பத்திரி வாசலில் மாடுகளும் ஆடுகளும் நின்றன. டாக்டர் சின்ன வயசுப் பெண். எங்களைப் பார்த்ததும் மேஜையைக் காலி செய்யச் சொன்னார். நடந்ததைச் சொல்லி டப்பாவைக் கொடுத்தேன். பின்பக்கத்து எழுத்தைப் படித்துக்கொண்டே வந்தவர் ஓர் இடத்தில் நின்றார். ரத்தம் எடுத்து, மாமா வீட்டில் வைத்திருப்பது மாதிரியான கருவியில் சர்க்கரை பார்த்தார். அடி மட்டத்தில் இருந்தது. உடனே குளுக்கோஸ் ஏற்ற ஆரம்பித்தார். ஏற்றிக்கொண்டே, கூடப் படித்த சிநேகிதிக்குப் போன் போட்டார். அவர் ஆஸ்திரேலியாவில் நாய்களுக்கு வைத்தியம் பார்க்கிறாராம். பேசி முடித்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

“சீனிக்குப் பதிலா இதுல சைலிட்டால்னு ஒண்ணு போட்டிருக்காங்க. மனுஷங்களுக்கு ஒண்ணும் பண்ணாது. ஆனா நாயோட உடம்பு அதை நிஜச் சர்க்கரைன்னு நினைச்சு இன்சுலினைச் சுரந்து தள்ளிரும். இருக்கிற சர்க்கரையும் போயிரும். நானும் படிச்சதோட சரி, பார்க்கிறது இதான் முதல் தடவை. தேன் தடவினது யாரு?”

“நான்தாங்க.”

“அது இல்லைன்னா இங்க வர்ற வரைக்கும் தாங்கியிருக்காது.”

அப்போதுதான் மாமா ஞாபகம் வந்தது. ஊசி போட்டவர், இன்னும் சாப்பிட்டிருக்க மாட்டார். கணவரின் செல்போனை வாங்கி அக்கா வீட்டுக்குப் போன் செய்தேன்.

“அதை ஏம்மா கேக்குற, ஜூலி பொழைச்சாத்தான் சாப்பிடுவேன்னு உட்கார்ந்திருக்காரு” என்றார்கள் அக்கா.

போனை அவர் காதில் வைக்கச் சொன்னேன். “மாமா, ஜூலி வாலை ஆட்டிருச்சு. நீங்க இட்லி சாப்பிடுங்க.” உண்மையில் அது இன்னும் ஆட்டியிருக்கவில்லை. “நிஜமாத்தானே?” என்றார். “நிஜமாத்தான் மாமா” என்றேன். அவர் சாப்பிட உட்கார்ந்துவிட்டார் என்று அக்கா சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த என் கணவர், “அப்பாவுக்கு இப்படியெல்லாம் வருமா? நீ சொன்னதே இல்லையே” என்றார்.

“சொன்னா நீங்க அங்கேருந்து என்ன பண்ணுவீங்க?”

அவர் தேன் பிசுபிசுத்த என் கையைப் பிடித்துக்கொண்டார். மாட்டுக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் விடவே இல்லை.

மதியம் ஜூலி தானாகத் தலையைத் தூக்கி, நிஜமாகவே வாலை ஆட்டியது. ஈரலைப் பாதித்திருக்கிறதா என்று அடுத்தடுத்த நாட்களிலும் வரவழைத்து டாக்டர் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. அப்போதுதான் அவரிடம் விவரமாகக் கேட்டுக்கொண்டேன். சாக்லேட், திராட்சை, உலர் திராட்சை, வெங்காயம் எதுவும் நாய்க்கு ஆகாது. வேகவைத்த கோழி எலும்பு உள்ளே குத்திவிடும். நாங்கள் இவற்றில் பாதியை அதுவரை பிரியமாகப் போட்டுக்கொண்டுதான் இருந்தோம். சர்க்கரைவள்ளிக் கிழங்கு, பரங்கிக்காய், கேரட், முட்டை, எலும்பில்லாத கோழிக்கறி இவற்றை உப்பு, காரம் இல்லாமல் வேகவைத்துக் கொஞ்சமாகக் கொடுக்கலாம் என்றார். அந்தக் கிறிஸ்துமஸுக்கு எங்களுக்குத் திராட்சை போட்ட கேக், ஜூலிக்குச் சர்க்கரைவள்ளிக் கிழங்கு. மாமாவே உட்கார்ந்து அதைத் துண்டு துண்டாக நறுக்கினார். யாராவது வீட்டுக்கு வந்து பிஸ்கட்டை நீட்டினால், “இருங்க, அதுல என்ன போட்டிருக்குன்னு பார்ப்போம்” என்பார். எங்களுக்குச் சிரிப்பு வரும், அவருக்கு வராது.

மீன்கார பாய் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஹாரன் அடிப்பார். சில நாள் நிறுத்தி, “உங்க புள்ளைக்கு” என்று சின்ன மீன் கொஞ்சம் கொடுத்துவிட்டுப் போவார். வேகவைத்து, ஒரு முள் விடாமல் எடுத்துத்தான் போடுவேன்.

கணவர் துபாய்க்குத் திரும்பிய பிறகு போனில் மறைப்பதை விட்டுவிட்டேன். மாமாவுக்கு முடியவில்லை என்றால் முடியவில்லை என்றே சொன்னேன். அவர் பயந்தார்தான். ஆனால் இரண்டு பேராகப் பயப்படுவது எனக்கு எவ்வளவோ இலேசாக இருந்தது. இரண்டு லீவு கழித்து ஊரோடு வந்துவிட்டார், இப்போது பட்டுக்கோட்டையில் கடை வைத்திருக்கிறார். மாமா நல்லபடியாக வாழ்ந்து, எங்கள் கண் முன்னால் நிம்மதியாகப் போனார். ஜூலியும் கிழடு தட்டும் வரை இருந்துவிட்டு ஒரு மத்தியானம் தென்னை நிழலில் தூங்கியபடியே போய்விட்டது.

இப்போது அடுத்த வீட்டுப் பிள்ளையோ, விருந்தாளியோ, வீட்டுக்கு வந்துபோகிற பூனையோ, யாருக்கு எதை நீட்டினாலும், என் பிரியத்தை மட்டும் நம்பாமல், இது இவர்கள் உடம்புக்கு ஒத்துக்கொள்ளுமா என்று ஒரு நொடி நின்று யோசிக்கிறேன். அந்த ஒரு நொடியும் பிரியத்தில் சேர்ந்ததுதான் என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.