மஞ்சள் துணி கட்டிய ஆடு

தொண்ணூறுகளில் ஒரு பொங்கல் சமயம். திருமணமாகி நான் அடி அண்ணாமலைக்கு வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. ஆசையாக ஒரு வெள்ளாடு வளர்த்தேன். செல்லம் என்றால் அப்படியொரு செல்லம்; ஆனால் ஓர் இடத்தில் நிற்காது. முள்வேலியை உயர்த்தினால் அடியில் நுழையும். கயிற்றால் கட்டினால் கயிற்றைத் தின்னும். கழுத்தில் கட்டையைத் தொங்கவிட்டோம், கட்டையோடு ஓடியது! தெருவில் ஒரு வீட்டுக் கனகாம்பரத்தையும் விட்டு வைக்கவில்லை. "இன்னொரு வாட்டி யாராவது வந்து சொன்னாங்கன்னா, அடுத்த சந்தையில வித்துடுவேன்" என்று கணவர் கறாராகச் சொல்லிவிட்டார்.

மாட்டுப் பொங்கல் வந்தது. எங்களுக்கு மாடு இல்லை. அதனாலென்ன என்று ஆட்டைக் குளிப்பாட்டி, மஞ்சள் குங்குமம் வைத்து, கழுத்தில் மாலையும் மஞ்சள் துணியும் கட்டி அழகு பார்த்தேன். மாலையை அப்போதே தின்றுவிட்டது. மறுநாள் காலையில் ஆட்டையே காணோம்.

பதறிப்போய்க் கிரிவலப் பாதையில் ஓடினேன். டீக்கடைக்காரரைக் கேட்டால், "மஞ்சத்துணி கட்டின ஆடா? சாமிக்கு நேர்ந்து விட்டதாச்சேம்மா, அத யாரு புடிப்பாங்க? வாழப்பழம் குடுத்து அனுப்பினேன்" என்கிறார்.

சற்றுத் தள்ளி ஒரு வேர்க்கடலை வயலில் என் ஆடு ஆற அமர மேய்ந்துகொண்டிருந்தது. வயலுக்குச் சொந்தக்காரி, என் வயதுதான் இருக்கும், குச்சியைக் கீழே போட்டுவிட்டு வரப்பில் நின்றிருந்தாள்.

"எந்த சாமிக்குக்கா விட்டிருக்கீங்க? அதான் மல்லாட்ட செடிய துன்னாலும் நான் ஓட்டல" என்றாள்.

ஏதாவது ஒரு சாமி பெயரைச் சொல்லியிருந்தால் போதும். ஆடும் தப்பித்திருக்கும், என் மானமும். ஆனால் அரைப் பாத்தி செடி போயும் பக்தியோடு நிற்பவளிடம் பொய் சொல்ல நாக்கு எழவில்லை. "சாமி ஆடு இல்லீங்க, எங்க வீட்டு ஆடு. ஆசைக்கு நான்தான் துணி கட்டினேன். வீட்ல தெரிஞ்சா வித்துடுவாங்க" என்று சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

ஒரு நிமிடம் முறைத்தாள். பிறகு சிரித்தாளே ஒரு சிரிப்பு! "ஒத்த ஆடு எங்கக்கா நிக்கும்? அதுக்குத் தொண வேணும். எங்கூட்டுல குட்டிங்க ஜாஸ்தி, ஒண்ண இட்டுனு போங்க. அது ஈனுச்சுன்னா மொத ஈத்துல ஒரு குட்டிய எனக்குக் குடுத்துடுங்க."

சாயங்காலம் குட்டியை அவளே தூக்கிக்கொண்டு வந்தாள். நடந்ததை என் கணவரிடம் புகாராகச் சொல்லாமல் வேடிக்கையாகச் சொன்னாள், அவரும் சிரித்துவிட்டார். அதன்பிறகு என் ஆடு வேலி தாண்டவே இல்லை.

இன்று எங்கள் வீட்டில் ஆடு இல்லை. அவள் மட்டும் வாரத்தில் நாலு நாள் வந்து போகிறாள். அன்று ஒரு சாமி பெயரைச் சொல்லித் தப்பித்திருந்தால், ஆட்டைக் காப்பாற்றிக்கொண்டு இவளை இழந்திருப்பேனே என்று நினைத்தால் இப்போதும் நெஞ்சு திக்கென்கிறது.