ஏழாவது சுத்து

அத்த உடும்மா, மூலைவீட்டுக்காரி லாட்ஜுக்கு வீட்ட உட்டா உடட்டும், நமக்கின்னா. இப்படி வந்து என் வாசலப் பாரு. ஏய், மிதிச்சிடாத! கோலம் இல்ல அது, நம்பரு.

எனக்கு எழுத்துதான் தெரியாது. நம்பரு நல்லாவே தெரியும். கடலக் காட்டுல மல்லாட்ட புடுங்க கீழ்பென்னாத்தூருக்கு எம்மா வருசம் பஸ்ஸு நம்பர் பாத்து ஏறியிருக்கேன்.

பெங்களூர்ல வேலை பாக்குறாளே என் பேத்தி, அவ ஞாயித்துக்கெழம ஆனா வீடியோவுல கூப்புடுவா. மொதல்ல எல்லாம் என்ன பேசுவோம்ன்ற? "சாப்டியா ஆயா?" "சாப்டேன் கண்ணு." "மாத்திரை போட்டியா?" "போட்டேன்." அவ்ளோதான். அப்பறம் அவ மூஞ்சிய நான் பாப்பேன், என் மூஞ்சிய அவ பாப்பா. வெச்சிடுவா. அடுத்த ஞாயிறு வரைக்கும் எனக்கு ஃபேன் சத்தந்தான்.

ஒருநாளு திடீர்னு, "ஆயா, கோலமாவு எடு, ஒரு கூத்து காட்றேன்"னா. 1, 4, 2, 8, 5, 7. ஆறையும் வட்டமாப் போடச் சொன்னா. போட்டுக் காட்டினா உழுந்து உழுந்து சிரிக்கிறா. "இடமா சுத்தி வெச்சிருக்கியே! நீ திருவண்ணாமலைக்காரிதானா? மலைய யாராச்சும் இடமா சுத்துவாங்களா?" கோலத்துல என் கை அப்படித்தாம்மா போவுது. அழிச்சிட்டு வலமாப் போட்டேன்.

லட்சத்து நாப்பத்திரெண்டாயிரத்துச் சொச்சமாம் அது. அத்த ரெண்டு தபா எழுதிக் கூட்டினா 285714. பாரு, அதே ஆறு பேரு! வட்டத்துல 2ல ஆரம்பிச்சி வலமா வா, சரியா வரும். மூணு தபான்னா 428571. இப்ப 4 முன்னாடி. ஆறு தபா வரைக்கும் இதே கதைதான். கிரிவலம் மாரியே! யாரும் வெளிய போவல, புதுசா யாரும் வரல, முன்னாடி நடக்குற ஆளுதான் மாறுது.

"ஏழு தபா போட்டா என்ன ஆவும்? நீயே கண்டுபுடி ஆயா, அதுவரைக்கும் இதான் நம்ம பேச்சு"ன்னுட்டா. அதுலேர்ந்து போன் போட்டதும், "வாசலக் காட்டு"ம்பா. அரமணி நேரம் பேசுறா தெரிமா!

நேத்து பௌர்ணமி. தெருவுல எம்மாஞ் சனம்! என் வாசல்ல செருப்பு அவுக்க ஒரு ஆளு இல்ல. சாயங்காலம் ஒண்டியா குந்திக்கினு, ஆறு தபாவுக்கு வந்த 857142 எழுதி, அதுக்குக் கீழ மொதல் நம்பர வெச்சேன். இன்னொரு தபா சேந்தா ஏழுதானே? எட்டும் ஒண்ணும் ஒம்போது. அஞ்சும் நாலும் ஒம்போது. ஏழும் ரெண்டும் ஒம்போது. கடைசி வரைக்கும் ஒம்போதேதான்! வட்டத்துல பாத்தா, எதிரெதிர நிக்குதுங்க பாரு, அதுங்கதான் ஜோடி. ஒவ்வொண்ணுக்கும் எதிர ஒரு ஆளு இருக்குது. எனக்குக் குஷி தாங்கல. கையத் தட்டினேன். திரும்பிப் பாத்தா யாரு இருக்கா? செவுத்துக்கிட்ட சொன்னேன்.

அவகிட்டயே சொல்லலாம்னு போன எடுத்தேன். எடுத்துட்டு வெச்சிட்டேம்மா. சொல்லிட்டா "சூப்பர் ஆயா"ம்பா, முடிஞ்சிது. மறுபடி சாப்டியா, மாத்திரை போட்டியா. அதனால இன்னிக்கி, "ஏழு வரமாட்டுது கண்ணு, அடுத்த பௌர்ணமிக்கு நீயே வந்து போட்டுக் காட்டு"னு சொல்லப்போறேன். நீ ஒளறிடாத.

ஐயோ, போனு அடிக்குது! மொதல்ல வாசலத்தான் கேப்பா, இந்த ஒம்போதெல்லாம் பல்லிளிக்குதே. அந்த பக்கெட்ட இப்படித் தள்ளு, தண்ணி தெளிச்சி உட்டுர்றேன்...