ஏழாம் ஃபிரெட்டின் ஊமை

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில், எழுத்துப் பலகைக்கு எதிரே ஒரு நாளைக்கு முப்பது பேரையாவது உட்காரவைத்து, "இது தெளிவா, இல்ல இது தெளிவா?" என்று கேட்பதுதான் அண்ணியின் வேலை. பதினாறு வருடங்களாகக் கேட்கிறார். "நல்லாத் தெரியுதா?" என்று ஒருநாளும் கேட்டதில்லை. அப்படிக் கேட்டால் வந்தவர் மரியாதைக்காக ஆமாம் என்று சொல்லிவிடுவார். வீட்டுக்குப் போன பிறகு தலைவலி வரும். இரண்டு லென்ஸைக் காட்டி எது மேல் என்று கேட்டால் பொய் சொல்லத் தோன்றாது. மூன்றைக் காட்டினால் குழம்பிப்போவார். ஆகவே எப்போதும் இரண்டு.

அண்ணி என்பது அவருடைய நாத்தனார் வாயிலிருந்து தொற்றிக்கொண்ட பெயர். நாத்தனார், ஐந்து பேர் கொண்ட ஓர் இசைக்குழுவின் பாடகி. ஒன்பது வருடங்களுக்கு முன் அந்தக் குழுவில், பாட்டுக்கு அடிநாதம் தரும் பேஸ் கிதாரை வாசித்தவர் வெளிநாட்டு வேலை கிடைத்துப் போய்விட்டார். வாத்தியத்தை மட்டும் விட்டுவிட்டுப் போனார். "நாலே நாலு கம்பிதான் அண்ணி, வீட்டுல சும்மாதானே இருக்கீங்க" என்றாள் நாத்தனார். நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு வந்தவரிடம் சொன்ன சொல் அது. அந்தச் சொல்லுக்கு அண்ணி இன்னமும் அவ்வப்போது கணக்குத் தீர்த்துக்கொள்வதுண்டு. ஆனால் வாத்தியத்தை அன்றைக்கே மடியில் எடுத்துவைத்துக்கொண்டார். இறக்கிவைக்க மனம் வரவில்லை. நாளடைவில் குழுவிலுள்ள எல்லோருக்கும் அவர் அண்ணியாகிவிட்டார். அவரைவிடப் பதினைந்து வயது மூத்தவரும் குழுவின் தலைவருமான கீபோர்டுக்காரருக்கும்கூட. அந்தத் தலைவரை எல்லோரும் மாஸ்டர் என்பார்கள்.

சிக்கல் ஒரு மெதுவான பாட்டில் இருந்தது. அதன் கடைசி வரியில் நாத்தனாரின் குரல் மேலே போய் நிற்கும். அதற்கு அடியில் பேஸ் கிதாரின் ஒரே ஒரு ஸ்வரம் எட்டு எண்ணிக்கை நீண்டு ஒலிக்க வேண்டும். கிதாரின் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளை ஃபிரெட் என்பார்கள். அந்த ஸ்வரம் மெல்லிய கம்பியில் ஏழாம் ஃபிரெட்டில் இருந்தது. அண்ணி மீட்டுவார், ஸ்வரம் பிறக்கும், மூன்றாம் எண்ணிக்கைக்குள் செத்துப்போகும். தரை நழுவிய குரல் தடுமாறி, நாத்தனார் வரியைப் பாதியில் முடித்துக்கொள்வாள்.

"விரல்ல பலம் பத்தல அண்ணி" என்றார் மாஸ்டர், முதல் வருடம். அண்ணி ஒரு ரப்பர் பந்து வாங்கி, கடையில் ஆள் இல்லாத நேரத்தில் பிசைந்தார். இரண்டாம் வருடம் கட்டைவிரலின் கோணத்தை மாற்றினார். மூன்றாம் வருடம் கம்பியை அழுத்தி அழுத்தி விரல்நுனி தோல் உரிந்தது. அடுத்து வந்த வருடங்களிலும் ஸ்வரம் மூன்றாம் எண்ணிக்கையிலேயே செத்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒத்திகையில் மாஸ்டர் சுற்றிவளைக்காமல் சொல்லிவிட்டார். ஒத்திகை நடப்பது டிரம் வாசிப்பவரின் கார் ஷெட்டில்.

"ஒரு உணவகத்துல வாராவாரம் வாசிக்கக் கூப்பிடுறாங்க. மேடை சின்னது, நாலு பேருக்குத்தான் இடம். பேஸை நான் இடது கையால கீபோர்டுலேயே வாசிச்சுக்கறேன். மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க அண்ணி."

"எப்ப ஆரம்பிக்குது?"

"அடுத்த மாசம் முதல் வாரம்."

"அதுக்கு முன்னால நாலு ஞாயித்துக்கிழமை இருக்கு" என்றார் அண்ணி. "நாலாவது ஞாயித்துக்கிழமை வரைக்கும் அவங்களுக்குப் பதில் சொல்லாதீங்க."

"நாலு வாரத்துல விரல் என்ன தடியாயிடவா போகுது?" என்று சிரித்தார் மாஸ்டர். ஆனாலும் தலையாட்டினார்.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை, வேலை முடிந்து வந்து, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து அந்த ஸ்வரத்தையே மீட்டிக்கொண்டிருந்தார். உட்கார்ந்த வாகில் கிதாரின் தலைப்பகுதி பக்கத்திலிருந்த துணி அலமாரியில் சாய்ந்திருந்தது. மீட்டினார். ஸ்வரம் நின்றது. நான்கு, ஐந்து, ஆறு என்று எண்ணிக்கை போய்க்கொண்டிருக்க, அறையே அடிவயிற்றிலிருந்து ஒலிப்பதுபோல் அது நின்றது.

அண்ணி நகர்ந்து உட்கார்ந்து, அலமாரியைத் தொடாமல் மீட்டினார். செத்தது. மறுபடி சாய்த்துவைத்து மீட்டினார். நின்றது. கைபேசியில் விநாடி பார்த்து, பத்து முறை சாய்த்தும் பத்து முறை சாய்க்காமலும் மீட்டி, இருபது எண்களையும் பழைய மருந்துச்சீட்டின் பின்பக்கம் குறித்தார். சாய்த்தால் ஏழு விநாடி, சாய்க்காவிட்டால் இரண்டு.

பேருந்து ஓட்டுநரான கணவர் சீருடையைக் கழற்றியபடி எட்டிப் பார்த்தார்.

"என்ன, அலமாரிக்குப் பாட்டுச் சொல்லிக் குடுக்கறியா?"

"இது என் விரல் இல்லீங்க. கட்டை. இந்தக் கிதாரோட கழுத்துல அந்த ஒரு இடம் ஊமை. மரம் கம்பியோட சேர்ந்து ஆடி, சத்தத்தை அதுவே குடிச்சிடுது. அலமாரியில சாய்ச்சா கழுத்து ஆட முடியல, அதனால விட்டுடுது."

"அப்போ இனிமே கச்சேரிக்கு அலமாரியையும் கூட்டிட்டுப் போகணுமா?"

அண்ணிக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று வருடம் பிசைந்த ரப்பர் பந்தை எடுத்து ஜன்னலுக்கு வெளியே வீசலாமா என்று யோசித்தார். அதைவிட உறைத்தது இன்னொன்று. அடுத்தவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து தலைவலி என்று சொல்பவர்களை அவர் எத்தனை பேரைக் கடிந்திருக்கிறார்! ஒன்பது வருடமாகத் தானும் யாரோ விட்டுப்போன வாத்தியத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு, தன் விரலைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறார். இது எனக்குப் பிடித்திருக்கிறதா என்று ஒரு தடவைகூடக் கேட்டுக்கொண்டதில்லை.

மறுநாளிலிருந்து இரண்டு வேலைகள் செய்தார். முதலாவது, ஊமை இடம் இல்லாத பேஸ் கிதார் உலகத்தில் உண்டா என்று விசாரித்தார். பழுதுபார்ப்பவர்கள் இரண்டு பேர் ஒரே பதிலைச் சொன்னார்கள்: மரக்கழுத்து என்றால் எங்கேயாவது ஒரு இடம் மந்தமாகத்தான் இருக்கும், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு இடம். அப்படியானால் ஊமையே இல்லாததைத் தேடி அலைவதில் பயனில்லை. தான் அதிகம் போகாத இடத்தில் ஊமையாக இருப்பது எது என்றுதான் தேட வேண்டும். இரண்டாவது வேலை அதிலிருந்தே வந்தது. குழு வாசிக்கும் நாற்பத்தொரு பாட்டுகளையும் ஒவ்வொன்றாகக் கேட்டு, தான் நீட்டி நிறுத்தும் ஸ்வரங்கள் எந்தக் கம்பியில், எந்த ஃபிரெட்டில் விழுகின்றன என்று ஒரு தாளில் கோடு போட்டு எண்ணினார். மெல்லிய கம்பியின் ஏழாம் ஃபிரெட்டில் அறுபத்து மூன்று. ஐந்தாம் ஃபிரெட்டில் நாற்பத்தெட்டு. ஒன்பதாம் ஃபிரெட்டில் இரண்டே இரண்டு. அந்த இரண்டும் டிரம் ஓங்கி ஒலிக்கும் இடங்கள்.

நாத்தனார் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "இதுக்குப் பதிலா அந்த ஸ்வரத்தை அடுத்த கம்பியில வாசிச்சிடலாமே அண்ணி? அங்கேயும் இருக்குமே" என்றாள்.

"இருக்கு. தடிச்ச கம்பியில வாசிச்சா, உன் பக்கத்துல வேற யாரோ வந்து நிக்கற மாதிரி இருக்கு. எனக்குப் பிடிக்கல."

"பிடிக்கலைங்கறது ஒரு காரணமா?"

"இவ்வளவு நாள் அதைக் காரணமா எடுத்துக்காததுதான் தப்பு."

சனிக்கிழமை மதியம் வாத்தியக் கடைக்குப் போனார். விற்பனையாளர், காதோரம் நரைத்த, வாயாடியான மனிதர். சுவரிலிருந்து பளபளக்கும் ஒரு கிதாரை இறக்கி, ஆம்ப்ளிஃபயரின் சத்தத்தை உச்சத்துக்குத் திருப்பி, தானே வேகமாக வாசித்துக் காட்டினார். கண்ணாடித் தடுப்பு அதிர்ந்தது.

"எப்படி மேடம்?"

"சத்தமா இருக்கு" என்றார் அண்ணி. "சத்தம் கூடினா எல்லாமே நல்லா இருக்கற மாதிரிதான் தோணும். எல்லாக் கிதாரையும் ஒரே சத்தத்துல வச்சுத் தாங்க. எந்தக் கம்பெனின்னு சொல்லாதீங்க. ரெண்டு ரெண்டாக் குடுங்க."

"சமோசாவா மேடம் இது, ரெண்டு ரெண்டாக் குடுக்க?" என்றவர், அண்ணி பையிலிருந்து தாளையும் பென்சிலையும் எடுத்ததைப் பார்த்து, வாயை மூடிக்கொண்டு நாற்காலியை இழுத்துப்போட்டார்.

அன்றும் மறு சனிக்கிழமையும் பதினொரு கிதார்கள். ஒவ்வொன்றிலும் நான்கு கம்பிகள், ஒவ்வொரு கம்பியிலும் பன்னிரண்டு ஃபிரெட்டுகள். ஒரே அளவு விசையில் மீட்டி, ஸ்வரம் சாகும்வரை காத்திருந்து, எழுதினார். இடையில் கடைக்கு வந்த ஒருவர் விற்பனையாளரிடம் ரகசியமாக, "இந்த அம்மாவுக்குப் பாட்டே தெரியாதா?" என்று கேட்டது அண்ணியின் காதில் விழுந்தது. விற்பனையாளர், "அவங்க கண் டாக்டர் மாதிரி. காதுக்குப் பவர் பார்க்கறாங்க" என்றார்.

ஆறாவது கிதார் அவரைப் படுத்திவிட்டது. தேன் நிறம், கையில் ஏறி உட்காரும் கழுத்து, நெஞ்சுக்குள்ளிருந்து பேசுகிற குரல். அண்ணி கண்ணை மூடிக்கொண்டு நான்கு பாட்டுகள் வாசித்துவிட்டார். பிறகு ஏழாம் ஃபிரெட்டை மீட்டினார். இரண்டரை விநாடி. மறுபடி மீட்டினார். இரண்டரை. விற்பனையாளர் மெதுவாக, "அந்த ஒரு ஸ்வரம்தானே மேடம். யாருக்குத் தெரியப்போகுது?" என்றார்.

"அறுபத்து மூணு தடவை" என்று சொல்லிவிட்டு, தன் கையாலேயே அதைச் சுவரில் மாட்டினார்.

ஒன்பதாவது கிதார் முன்பு யாரோ வாசித்தது. பாசிப்பச்சை நிறம், ஓரத்தில் வண்ணம் பெயர்ந்திருந்தது. அதன் ஊமை ஒன்பதாம் ஃபிரெட்டில் இருந்தது. ஏழாம் ஃபிரெட் ஒன்பது விநாடி நின்றது. ஆனால் குரல் கீச்சென்று, தகரத்தில் ஆணி கீறுவதுபோல் இருந்தது.

"இதை ஓரங்கட்டிடுவோம்" என்றார் விற்பனையாளர்.

"இருங்க. குரல் மரத்துலயா இருக்கு, கம்பியிலயா? வழவழப்பான கம்பி இருக்கா உங்ககிட்ட? மேல தட்டையாச் சுத்தினது?"

அவர் அரை மணி நேரம் செலவழித்துக் கம்பி மாற்றிக் கொடுத்தார். கீச்சு போய்விட்டது. விரலின் சரசரப்பும் போய்விட்டது. மிச்சமிருந்தது கனமான, உருண்டையான, சுருக்கமாகப் பேசும் குரல். ஏழாம் ஃபிரெட் ஒன்பது விநாடியிலிருந்து எட்டாகக் குறைந்தது. பாட்டுக்கு வேண்டியது ஏழு. தேன் நிறக் கிதாரின் குரல் இது அல்ல. ஆனால் மீட்டிவிட்டு விரலை எடுக்க மனம் வராத குரல்.

ஆம்ப்ளிஃபயர் தேர்வு சீக்கிரம் முடிந்தது, சண்டையோடு. விற்பனையாளர் நான்கு ஸ்பீக்கர் கொண்ட, இடுப்புயரப் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். தனியாகக் கேட்டபோது இடிமுழக்கம்தான். அண்ணி கைபேசியில், தன் வாத்தியம் இல்லாமல் குழு வாசித்த ஒத்திகைப் பதிவைக் கொண்டுவந்திருந்தார். அதைக் கடை ஸ்பீக்கரில் ஓடவிட்டுச் சேர்ந்து வாசித்தார். இடிமுழக்கம் கீபோர்டின் அடியில் சேறாகக் கலந்து காணாமல் போனது. பிறகு ஒற்றை ஸ்பீக்கர் கொண்ட சிறிய பெட்டி. தனியாகக் கேட்டால் சளிபிடித்தவர் மூக்கால் பேசுவதுபோல் இருந்தது. குழுவோடு சேர்த்துக் கேட்டால் ஒவ்வொரு ஸ்வரமும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல் தெளிவாக நின்றது.

"தனியாக் கேட்டா யாருமே இதை வாங்க மாட்டாங்க மேடம்."

"நான் தனியா வாசிக்கறதில்லையே" என்றார் அண்ணி. பெட்டியை ஒரு கையால் தூக்கி, கடைப் படிகளில் ஏறி இறங்கிப் பார்த்த பிறகே பில் போடச் சொன்னார்.

நாலாவது ஞாயிற்றுக்கிழமை. கார் ஷெட்டுக்குள் அண்ணி நுழைந்ததும் மாஸ்டர் பச்சைக் கிதாரைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார்.

"ஊருக்குப் போறீங்களா அண்ணி? சூட்கேஸோட வந்திருக்கீங்க."

"வாசிச்சுட்டுச் சொல்றேன் மாஸ்டர், போறேனா இல்லையான்னு."

பெட்டியை வழக்கம்போல் மூலையில் வைக்காமல், தனக்குப் பின்னால் ஒரு நாற்காலியின்மேல், காது மட்டத்துக்கு வைத்தார். மெதுவான பாட்டைத் தொடங்கினார்கள். மாஸ்டரின் இடது கை கீபோர்டின் அடிப்பகுதியில் அதே ஸ்வரங்களை வாசித்துக்கொண்டிருந்தது. நாலு வாரமாக அவரும் பழகியிருக்கிறார். இரண்டு அடிநாதங்களும் ஒன்றின் காலை ஒன்று மிதித்தன. அண்ணி வாசிப்பதை நிறுத்தினார். மற்றவர்களும் நின்றார்கள்.

"இடது கையை எடுத்துடுங்க மாஸ்டர்."

"அது பாட்டுக்கு இருக்கட்டும் அண்ணி. ஒருவேளை..."

"ஒருவேளைக்குத்தான் சொல்றேன். ஒரே ஒரு தடவை. கேட்டுட்டு முடிவு பண்ணுங்க."

மாஸ்டர் இடது கையை எடுத்து, எங்கே வைப்பதென்று தெரியாமல் தொடையின்மேல் வைத்துக்கொண்டார். மறுபடி தொடங்கினார்கள். கடைசி வரி வந்தது. அண்ணி ஏழாம் ஃபிரெட்டை மீட்டினார். அதிகம் அழுத்தவில்லை, அழுத்த வேண்டியிருக்கவில்லை. மூன்றாம் எண்ணிக்கை கடந்தது. வழக்கமாக அங்கே வரியை முடித்துக்கொள்ளும் நாத்தனார், ஒரு கணம் அண்ணியைத் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலை விடாமல் மேலே நிறுத்தினாள். ஐந்து. ஆறு. ஏழு. எட்டாம் எண்ணிக்கைக்கு முன்பே நாத்தனாருக்கு மூச்சு தீர்ந்தது. அடியில் ஸ்வரம் இன்னும் நின்றுகொண்டிருந்தது.

"ஐயோ அண்ணி" என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். "என் மூச்சு போயிடுச்சு, உங்களது போகலையே! மாஸ்டர், இந்த வரி இவ்வளவு நீளம்னு எனக்கே இப்பதான் தெரியுது."

மாஸ்டர் "மறுபடி" என்றார். மறுபடி வாசித்தார்கள். மூன்றாம் முறையும் வாசித்தார்கள். மூன்று முறையும் அவருடைய இடது கை தொடையின்மேலேயே இருந்தது. பிறகு அவர் வேகமான பாட்டு ஒன்றைத் தொடங்கினார். முடிந்ததும் முகத்தைச் சுளித்தார்.

"இதுல அந்தப் பழைய பளபளப்பு இல்லையே அண்ணி. சுண்டுற சத்தமே வரலையே. பழைய கிதார்ல கணீர்னு இருக்கும்."

"ஆமா மாஸ்டர். இனிமே வராது."

"கம்பியை மாத்தினா வருமா?"

"வரும். ஆனா மாத்த மாட்டேன். இதுதான் எனக்குப் பிடிச்ச சத்தம். இதோட நான் வேணும்னா அஞ்சு பேருன்னு அவங்ககிட்ட சொல்லுங்க. வேண்டாம்னா இப்பவே சொல்லிடுங்க, நான் வேற குழு பாத்துக்கறேன்."

டிரம் வாசிப்பவர் குச்சிகளை மடியில் வைத்துவிட்டுக் கூரையைப் பார்த்தார். ஒன்பது வருடத்தில் அண்ணி இப்படிப் பேசி யாரும் கேட்டதில்லை. மாஸ்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், பச்சைக் கிதாரை மறுபடி ஒருமுறை பார்த்தார்.

"மேடையில அஞ்சு பேருக்கு இடம் இல்லைன்னாங்க" என்றார்.

"இந்தப் பெட்டி ஒரு நாற்காலி அளவுதான் மாஸ்டர். நான் ஓரமா நின்னுக்கறேன்."

"ஓரமா வேண்டாம்" என்று மாஸ்டர் கைபேசியை எடுத்தார். "பாடுறவ பக்கத்துல நில்லுங்க. அந்த வரிக்கு அவ உங்களைத் திரும்பிப் பாக்கணும்." எண்ணை அழுத்திக் காதில் வைத்துக்கொண்டு, உணவகத்துக்காரர் எடுப்பதற்காகக் காத்திருந்தார்.