கிழக்குத் தெருவின் வால்வு

ரிஷிவந்தியத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊராட்சியில் குடிநீர்த் தொட்டியைப் பார்த்துக்கொள்வது என் வேலை. மோட்டார் போட வேண்டும், பிளீச்சிங் பவுடர் கலக்க வேண்டும், தெருவுக்குத் தெரு வால்வைத் திறந்து மூட வேண்டும். ஊரில் என்னை 'டேங்க்கு அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள்.

அன்று காலை கிழக்குத் தெரு வால்வைத் திறந்துவிட்டுத் திரும்பி நடந்துகொண்டிருந்தேன். ஒரு பெண் குடத்தோடு பின்னால் ஓடி வந்தாள்.

"எக்கா, தண்ணி இன்னாக்கா இப்டி நாறுது? நீயே மோந்து பாரு."

குனிந்து முகர்ந்தேன். மக்காச்சோளத்துக்கு மருந்தடிக்கும் நாளில் வயல் பக்கம் போனால் மூக்கில் ஏறுமே, அந்த நெடி. யாரோ தொட்டியில் பூச்சிமருந்தைக் கலந்துவிட்டார்கள் என்றுதான் முதலில் தோன்றியது.

ஓடிப்போய் வால்வை மூடினேன். மாரியம்மன் கோயிலில் மைக்கை வாங்கி, "கிழக்குத் தெரு ஜனங்க யாரும் தண்ணியக் குடிக்காதீங்க, புடிச்சதெல்லாம் கொட்டிடுங்க" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. அது போதாதென்று வீடு வீடாக ஓடினேன். ஐந்தாவது வீட்டு வாசலில் நிறைமாத மருமகள் ஒருத்தி சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். மாமியார் அவள் முதுகைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

"ஒரு டம்ளர்தான் குடிச்சா. தண்ணியில இன்னாத்தக் கலந்த நீ?"

108க்குப் போன் செய்தேன். எந்த மருந்து என்று தெரிந்தால் நல்லது, பாட்டில் இருந்தால் கொடுத்தனுப்புங்கள் என்றார்கள்.

தொட்டியின் இரும்பு ஏணியில் நான் தனியாக ஏறியதே இல்லை. எப்போதும் கீழே ஒரு ஆளை நிறுத்திவிட்டு, பாதிக்கு மேல் கண்ணை மூடிக்கொண்டுதான் ஏறுவேன். அன்று யாரையும் கூப்பிடத் தோன்றவில்லை. மேலே மூடியின் பூட்டு அப்படியே இருந்தது. திறந்து பார்த்தேன். தண்ணீர் தெளிவாக இருந்தது, எந்த நெடியும் இல்லை. அப்படியென்றால் எங்கே? கம்பியைப் பிடித்தபடி கீழே பார்த்தபோது கிழக்குத் தெருவின் வால்வுக் குழி தெரிந்தது. குழியில் தேங்கிய தண்ணீர் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தது.

அப்போது வந்த பயம் வேறு மாதிரியானது. அந்தக் குழிக்குள் குழாய் ஒழுகுவது எனக்குத் தெரியும். ஊராட்சி எழுத்தரிடம் வாய்வார்த்தையாகச் சொன்னேன், ஆள் வரவில்லை. நானே சைக்கிள் ட்யூபைச் சுற்றிக் கட்டிவிட்டு மறந்துபோனேன். வால்வை மூடித் தண்ணீர் நின்றதும், காலியான குழாய் குழியில் தேங்கியதை உள்ளே இழுத்துக்கொள்ளும். இதுவும் எனக்குத் தெரிந்ததுதான்.

இறங்கி ஓடினேன். குழி ஓரத்தில் காலி மருந்து பாட்டில் ஒன்று கிடந்தது. பக்கத்தில், கூலிக்கு மருந்தடிக்கப் போகும் ஓர் ஆள் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

"நேத்து சாயங்காலம் ஸ்ப்ரேயர இங்கதான் கழுவினேன் தாயி. குழித்தண்ணிதானன்னு நெனச்சிட்டேன்."

அவரைத் திட்ட எனக்குத் தெம்பு இல்லை. பாட்டிலைக் கவரில் போட்டு, கிளம்பிக்கொண்டிருந்த ஆம்புலன்சில் கொடுத்தேன். பிறகு இருவரும் பஸ் பிடித்துக் கள்ளக்குறிச்சிக்குப் போனோம்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மாமியார் உட்கார்ந்திருந்தாள். என்னோடு வந்தவர் நேராகப் போய் அவள் காலடியில் உட்கார்ந்து, "தப்பு என்னுதுதாம்மா" என்றார். அத்தோடு நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். யாரும் என்னைக் கேட்டிருக்க மாட்டார்கள். அந்த எண்ணம் வந்தது உண்மை. ஆனால் சுவரைப் பிடித்தபடி அந்த மருமகள் குனிந்து நின்றதுதான் கண்ணில் நின்றது.

"கொழா ஒழுவுறது எனக்குத் தெரியும்மா. சரி பண்ணாம வுட்டுட்டேன்" என்றேன்.

"புள்ள துடிப்பு நல்லாக்கீதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு. அதால நீங்க ரெண்டு பேரும் பொழச்சீங்க" என்றாள் மாமியார்.

மருமகள் இரண்டு நாளில் வீடு திரும்பினாள். பதினைந்து நாள் கழித்துப் பெண் குழந்தை பிறந்தது. குழாயை மாற்றும்வரை கிழக்குத் தெருவுக்கு லாரியில் தண்ணீர் வந்தது. இந்த முறை எழுத்தருக்கு மனுவாகவே எழுதிக் கொடுத்து, வேலை முடியும்வரை தினமும் ஆபீஸ் வாசலில் போய் நின்றேன்.

இப்போது அங்கே புதுக் குழாய், குழிக்கு சிமெண்ட் மூடி. இருந்தும் வால்வைத் திறந்த பிறகு யாராவது பின்னாலிருந்து "எக்கா" என்று கூப்பிட்டால், திரும்பியதும் முதலில் அவர்கள் கையில் குடம் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறேன். பெரும்பாலும் தண்ணீர் எப்போது நிற்கும் என்று கேட்கத்தான் கூப்பிடுகிறார்கள்.